தண்ணீர் காயும் வரை தெரியும் பளபளப்பு: பழைய மொசைக், கல் தரைகளை மீட்பது எப்படி?

பழைய மொசைக் தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு நிமிர்ந்து பாருங்கள். இரண்டு நிமிடத்துக்கு அது புதுத் தரை. சிவப்புச் சில்லு சிவப்பாகவும் கறுப்புச் சில்லு கறுப்பாகவும் தெரியும். ஜன்னல் வெளிச்சம் தரையில் விழுந்து நீளும். ஈரம் காயக் காய நிறம் உள்ளே போய்விடும். மாவு தூவியதுபோன்ற பழைய மங்கல் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தரை பாலிஷ் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்த இரண்டு நிமிடத்திலேயே இருக்கிறது. தண்ணீர் தன்னிடமிருந்து எந்த நிறத்தையும் தரைக்குக் கொடுக்கவில்லை. கல்லின் நிறம் அழியாமல் உள்ளே இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போயிருக்கிறது. அப்படியானால் காய்ந்ததும் அதை மறைப்பது எது?

கீறல்கள்தான். கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத, எண்ணிக்கையில் அடங்காத நுண்ணிய கீறல்கள். சமமான பரப்பில் படும் ஒளி ஒரே ஒழுங்கில் திரும்பி வரும். அதைத்தான் பளபளப்பு என்கிறோம். கீறல் நிறைந்த பரப்பில் பட்ட ஒளி நாலாபுறமும் சிதறும். அந்தச் சிதறல் கல்லின் நிறத்துக்கு மேல் ஒரு வெண்திரை போலப் படிந்து நிற்கிறது. தண்ணீர் கீறல்களுக்குள் இறங்கி நிரப்பி, மேலே தானே ஒரு சமமான பரப்பாக ஆகிவிடுகிறது. திரை விலகுகிறது. தண்ணீர் ஆவியானதும் கீறல்கள் மீண்டும் திறந்துகொள்கின்றன.

மெழுகும் இதே வேலையைத்தான் செய்கிறது. தண்ணீர் நிமிடக் கணக்கில் தாங்கும், மெழுகு மாதக் கணக்கில் தாங்கும், வித்தியாசம் அவ்வளவே. உண்மையான பாலிஷ் எதையும் நிரப்புவதில்லை. கல்லையே தேய்த்துத் தேய்த்துக் கீறல்களை அகற்றிவிடுகிறது. அதனால்தான் அது ஆண்டுக் கணக்கில் நிற்கிறது. பளபளப்பு என்பது மேலே பூசப்படும் பொருள் என்ற எண்ணத்தை விட்டுவிட்டால் இந்த வேலையில் மற்ற எல்லாமே எளிதில் புரியும்.

எவ்வளவு நுண்ணிய கீறல் என்று கேட்கலாம். நாம் காணும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; தலைமுடியின் தடிமனே 50 மைக்ரானுக்கு மேல் இருக்கும். பரப்பின் மேடு பள்ளம் இந்த அலைநீளத்தைவிட நன்றாகக் குறைந்தால்தான் தரை கண்ணாடிபோல் பிம்பம் காட்டும். கைக்கு வழுவழுப்பாக இருக்கும் தரைகூடக் கண்ணுக்கு மங்கலாகத் தெரிவது இதனால்தான். விரல் நுனிக்கு எட்டாத நுணுக்கம் ஒளிக்கு எட்டிவிடுகிறது.

இதிலேயே இன்னொரு சங்கதியும் உண்டு. தரையைத் தாழ்ந்த கோணத்தில், ஜன்னலை நோக்கிக் குனிந்து பார்த்தால் மங்கிய தரைகூடப் பளபளக்கும். ஒளி சாய்வாகப் படும்போது மேடு பள்ளங்கள் அதற்குப் பெரிதாகத் தெரிவதில்லை. ஆகவே தரையின் நிலையைச் சோதிக்கும்போதும், செய்து முடித்த பாலிஷை ஒப்புக்கொள்ளும்போதும் நின்றபடி நேர்கீழாகப் பாருங்கள். தலைக்கு மேலே எரியும் விளக்கின் பிம்பம் ஓரம் கலையாமல் தெரிகிறதா என்பதுதான் கறாரான சோதனை.

தரையில் இருப்பது என்ன கல்?

மொசைக் தரை என்று நாம் சொல்வதன் உலகப் பெயர் டெராசோ. சலவைக்கல் சில்லுகளைச் சிமென்டில் கலந்து கொட்டி, இறுகிய பிறகு மேலே தேய்த்துச் சில்லுகளின் முகத்தை வெளிக்கொண்டுவருவது. வெனிஸ் நகரக் கைவினைஞர்கள் பெரிய கட்டடங்களில் மிஞ்சிய சலவைக்கல் துண்டுகளை வீணாக்காமல் தரையாக்கியதிலிருந்து வளர்ந்த கலை இது. நீண்ட கைப்பிடியின் முனையில் கனமான கல்லைப் பொருத்திய ‘கலேரா’ என்ற கருவியை முன்னும் பின்னும் இழுத்து அவர்கள் தேய்த்தார்கள். இன்றைய பாலிஷ் மெஷின் அதே வேலையை மோட்டார் வைத்துச் செய்கிறது.

சிமென்ட் டெராசோவில் இரண்டு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன: உறுதியான சில்லு, அதைவிட மென்மையான, நுண்துளைகள் நிறைந்த சிமென்ட். நடந்து நடந்து சிமென்ட் முதலில் தேயும், சில்லு துருத்தி நிற்கும். சிமென்ட் ஒருநாளும் சில்லு அளவுக்கு மின்னாது. தரகர் மொழியில் யாராவது முழுத் தரையையும் கண்ணாடியாக்கித் தருவதாகச் சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

தனிக் கல் தரைகளைப் பாலிஷ் நோக்கில் இரண்டே வகையாகப் பிரித்தால் போதும். சலவைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் ஒரு வகை; அவை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் சுமார் 3 வரும். கிரானைட் இன்னொரு வகை. 6 முதல் 7 வரை. கத்தி முனையால் மறைவான மூலையில் லேசாகக் கீறிப் பாருங்கள். எஃகின் கடினத்தன்மை இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் சலவைக்கல்லில் கோடு விழும், கிரானைட்டில் விழாது. அதே மூலையில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் சலவைக்கல்லில் சிறுசிறு குமிழ்கள் எழும். அமிலம் கல்லைக் கரைக்க, கரியமில வாயு வெளியேறுவதே அந்தக் குமிழ். உடனே கழுவிவிடுங்கள்; சொட்டு விட்ட இடம் மங்கிப்போயிருக்கும். தரைக்கு எது பகை என்பதை அந்த ஒரு சொட்டு காட்டிவிடும். டெராசோவில் சிமென்டும் அமிலத்தில் கரையும், பெரும்பாலான சில்லுகளும் கரையும்.

கிரானைட் தரை மங்கினால் அவசரப்பட்டு மெஷினைத் தேடாதீர்கள். நடைத் தேய்மானத்தால் கிரானைட் அவ்வளவு எளிதில் மங்காது. பெரும்பாலும் சோப்பும் கடின நீரும் சேர்ந்து படிந்த ஏடுதான் காரணமாக இருக்கும். நன்றாகக் கழுவினாலே பாதித் தரை திரும்பிவிடும்.

மங்கியதற்குக் காரணம் தெரியாமல் கை வைக்காதீர்கள்

எனக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். மங்கல் என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் நாலு வேறு நோய்கள் இருக்கின்றன, மருந்தும் வேறுவேறு.

முதலாவது, மேலே படிந்த ஏடு. பழைய மெழுகு, ‘பளபளப்பு தரும்’ என்று விற்கும் திரவங்கள், சோப்பு மிச்சம். மூலையில் நகத்தாலோ பிளாஸ்டிக் அட்டையாலோ சுரண்டிப் பார்த்தால் மெழுகுச் சுருள் போலவோ வெண்தூளாகவோ வரும். இப்படி வந்தால் உங்களுக்குத் தேவை தேய்ப்பல்ல, கழுவல். மெழுகை நீக்குவதற்கென்றே விற்கும் காரத் திரவத்தை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, தேய்த்து, அழுக்கு நீரை வாரி எடுத்து, இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பலருடைய தரைக்கு இந்த ஒரு வேலையே போதும்.

இரண்டாவது, தேய்மானம். வாசலிலிருந்து உள்ளே போகும் பாதை மட்டும் மங்கி, சுவரோரமும் கட்டிலுக்கு அடியும் பளபளப்பாக இருந்தால் இதுதான். தெரு மண்ணில் உள்ள குவார்ட்ஸ் மணலின் கடினத்தன்மை 7. சலவைக்கல் 3. செருப்புக்கு அடியில் ஒட்டி வந்த மணல், ஒவ்வொரு அடியிலும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம்.

மூன்றாவது, அமிலம் தின்ற இடம். கறைக்கும் இதற்கும் வித்தியாசம் எளிது. கறை என்றால் கல்லைவிட அடர்ந்த நிறத்தில் இருக்கும். ஏதோ ஒன்று கல்லின் துளைகளுக்குள் இறங்கியிருக்கிறது. அமிலம் பட்ட இடம் வெளிறி, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். அங்கே கல்லே கொஞ்சம் காணாமல் போயிருக்கிறது. எலுமிச்சைச் சாறு போதும், கழிப்பறை கழுவும் ஆசிட்டைச் சொல்லவே வேண்டாம். அழுக்குப் போகட்டும் என்று மொசைக் தரையில் ஆசிட் ஊற்றிக் கழுவியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும். ஊற்றிய அன்று தரை வெளுத்துச் சுத்தமாகத்தான் தெரியும். சிமென்டின் மேல்தோல் கரைந்து, துளைகள் பெரிதாகி, அடுத்த மாதம் முன்பைவிட வேகமாக அழுக்கு ஏறும். மறுபடி ஆசிட். இந்தச் சுழலில் சிக்கிய தரைகள் ஏராளம்.

நான்காவது, கீழிருந்து ஏறும் ஈரம். கல்லின் ஓரங்களிலும் சந்துகளிலும் வெண்மையாக உப்புப் பூத்தால், தரைக்குக் கீழே ஈரம் இருக்கிறது; அது மேலே வந்து ஆவியாகும்போது கரைத்து வந்த உப்பை விட்டுச் செல்கிறது. இதை எந்தப் பாலிஷாலும் சரிசெய்ய முடியாது. ஈரம் வரும் வழியை முதலில் அடைக்க வேண்டும்.

எண்ணெய்க் கறை போன்றவற்றைத் தேய்த்து எடுக்கப் பார்ப்பதைவிட உறிஞ்சி எடுப்பது நல்லது. சமையல் சோடாவையோ வெள்ளைக் களிமண் தூளையோ கொஞ்சம் சோப்பு நீரில் கெட்டியாகக் குழைத்து, கறையின் மேல் விரற்கடை உயரத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் ஒரு நாள் மூடி வைக்கவும். பிறகு தாளை எடுத்துவிட்டுத் தானாகக் காயவிடவும். காயும்போது கல்லுக்குள் இருக்கும் எண்ணெயைத் தூள் மேலே இழுத்துக்கொள்ளும். ஒரே தடவையில் போகாவிட்டால் திரும்பவும் செய்யலாம்.

நம்பர் ஏற ஏறக் கீறல் சிறுக்கும்

தேய்மானமும் அமிலம் தின்றதும்தான் பாலிஷ் மெஷினுக்கான வேலை. அதன் தத்துவம் விநோதமாகத் தோன்றும்: கீறல்களை நீக்க நாம் மேலும் கீறுகிறோம். ஆனால் ஒவ்வொரு முறையும் முன்பைவிடச் சிறிதாக.

மெஷினில் மாட்டித் தேய்க்கும் கல்லுக்கும், வைரத் துகள் பதித்த வட்டான வைரப் பேடுக்கும் நம்பர் உண்டு. நம்பர் சிறிதானால் துகள் பெரிது. 60 நம்பர் கல்லின் துகள் சுமார் கால் மில்லிமீட்டர். 120-இல் ஏறக்குறைய அதில் பாதி. பிறகு 220, 400, 800, 1500, 3000 என்று போகும். 3000-இல் துகள் சில மைக்ரான்தான். ஒவ்வொரு நம்பருக்கும் ஒரே பொறுப்பு: முந்தைய நம்பர் போட்ட கீறல் முழுவதையும் அழித்து, அதற்குப் பதில் தன்னுடைய சின்னக் கீறலை வைத்துவிட்டுப் போவது.

இந்தப் பொறுப்பை ஒரு நம்பர் சரியாக முடிக்காவிட்டால் அடுத்தடுத்த நம்பர்களால் அதை ஈடுசெய்ய முடியாது. 800 நம்பர் கல், 60 போட்ட பள்ளத்தின் அடிவரை போக ஒரு வாரம் தேய்க்க வேண்டியிருக்கும். இதில் கொடுமை என்னவென்றால், தப்பு அந்த இடத்தில் தெரியாது. 400 வரை தரை முழுக்க மங்கலாகவே இருப்பதால் எல்லாம் சரியாகத் தோன்றும். 1500-இல் பளபளப்பு எழும்பும்போதுதான் அடியில் விட்டுப்போன வட்ட வட்டக் கோடுகள் வெளிச்சத்தில் பல்லைக் காட்டும். அப்போது ஒரே வழி, திரும்பக் கீழ் நம்பருக்கு இறங்குவதுதான். அவசரமாக நம்பர்களைத் தாண்டிப் போகும் வேலையை நான் நம்புவதே இல்லை.

வேலைக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் உபாயம் எளிமையானது. ஒரு நம்பரைக் கிழக்கு மேற்காக ஓட்டினால் அடுத்ததை வடக்கு தெற்காக ஓட்டுவது. பழைய திசையில் ஒரு கோடுகூட மிஞ்சவில்லை என்றால் அந்த நம்பர் முடிந்தது. ஒவ்வொரு நம்பருக்கும் நடுவில் சேற்றை முழுவதும் வாரி, தரையையும் மெஷினின் அடிப்பக்கத்தையும் கழுவ வேண்டும். 60 நம்பரிலிருந்து உதிர்ந்த ஒரே ஒரு துகள் 800-இன் அடியில் மாட்டிக்கொண்டால் போதும், அறை நெடுகக் கோடு இழுத்துவிடும்.

எந்த நம்பரில் ஆரம்பிப்பது? புதியவர்களின் முதல் கேள்வி இது. பதில்: தரை அனுமதிக்கும் மிக உயர்ந்த நம்பரில். கைக்குட்டை அளவு இடத்தில் முதலில் 400 போட்டுப் பாருங்கள். கீறல் போய்விட்டால் அங்கிருந்தே மேலே ஏறலாம். போகவில்லையென்றால் 220, பிறகு 120. கல்லுக்குக் கல் உயர வித்தியாசம் இருந்து விளிம்பு காலில் தட்டினாலோ, ஆழமாக அமிலம் தின்றிருந்தாலோ மட்டும் 60. டெராசோ ஓடுகளில் சில்லு இருக்கும் மேலடுக்கு சில மில்லிமீட்டர்தான். தேய்த்தது தேய்த்ததுதான், திரும்ப வராது. தேவைக்கு மேல் ஒரு நம்பர் கீழே இறங்குவது தரையின் ஆயுளிலிருந்து எடுப்பதாகும்.

டெராசோவுக்கு நடுவில் ஒரு கூடுதல் வேலை உண்டு. முதல் தேய்ப்பு முடிந்ததும் சிமென்டில் ஊசித் துளைகளும், சில்லு பெயர்ந்த குழிகளும் தெரியும். வெள்ளைச் சிமென்டில் தரையின் நிறத்துக்கு ஏற்ற நிறப்பொடி கலந்து, கூழாக்கி, ரப்பர் கட்டையால் தரை முழுவதும் இழுத்து நிரப்ப வேண்டும். நிறத்தை ஈரத்தில் பார்த்து முடிவுசெய்யாதீர்கள்; கொஞ்சம் காயவைத்துப் பாருங்கள், காய்ந்தால் வெளிறும். சில நாள் ஈரம் காக்கவிட்டு இறுகிய பிறகே அடுத்த நம்பர். இந்த நிரப்பலைத் தவிர்த்துவிட்டுச் செய்த பாலிஷ் முதல் வாரம் அழகாக இருக்கும், பிறகு துளைகளில் அழுக்கேறிப் புள்ளிபுள்ளியாகிவிடும். சிமென்ட் மிகவும் நொய்ந்திருந்தால் சிலிக்கேட் திரவம் தெளிப்பதும் உண்டு. சிமென்டில் மிஞ்சியிருக்கும் சுண்ணாம்போடு அது சேர்ந்து, சிமென்டை இறுக்கிப் பிடிக்கும் அதே வகைச் சேர்மத்தைத் துளைகளுக்குள் உண்டாக்கும்.

தேய்ப்பு எப்போதும் தண்ணீரோடுதான் நடக்க வேண்டும். கிரானைட், சிமென்ட் ஆகியவற்றின் உலர்ந்த தூளில் சிலிக்கா இருக்கிறது; அது நுரையீரலில் படிந்தால் திரும்பி வராது. தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருப்பதால், கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. இல்லாத இணைப்பில் மெஷினை மாட்டாதீர்கள். வரும் சேற்றைச் சாக்கடைக் குழாயில் ஊற்றவும் கூடாது, உள்ளே படிந்து கல்லாக அடைத்துக்கொள்ளும். வாளியில் தெளியவைத்து, அடியில் தங்கியதைக் காயவைத்துக் குப்பையில் போடலாம்.

கையில் பிடிக்கும் கிரைண்டரால் நாமே செய்துவிடலாமா என்று கேட்பவர்களிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதன் சிறிய வட்டு வேகமாகச் சுழன்று ஓரிடத்தைக் குழித்துவிடும். மங்கலாக இருக்கும்போது தெரியாத அந்தக் குழிவு, பளபளப்பு வந்ததும் பிம்பத்தை அலைஅலையாக உடைக்கும். தரை பாலிஷ் மெஷின்கள் கனமாக, அகலமான வட்டோடு, நிமிடத்துக்கு 150 முதல் 175 சுற்று வரை மெதுவாகச் சுழல்வது காரணத்தோடுதான்.

கடைசி மினுக்கு

3000 நம்பருக்குப் பிறகு சலவைக்கல்லிலும் டெராசோவிலும் பவுடர் பாலிஷ் போடுவது வழக்கம். நீண்ட காலமாகப் பயன்படுவது ஆக்ஸாலிக் பவுடர். இதுவும் அமிலம்தான். ஆசிட் ஊற்றாதே என்று சொல்லிவிட்டு இது எப்படி? மற்ற அமிலங்கள் கால்சியத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். ஆக்ஸாலிக் அமிலம் அதோடு சேர்ந்து கால்சியம் ஆக்சலேட் ஆகிறது. அது தண்ணீரில் கரையாது. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை இதே பொருள்தான். ஃபெல்ட் பேடின் அழுத்தத்திலும் சூட்டிலும் இந்த மெல்லிய படலம் கல்லின் முகத்தில் இழைந்து நிற்கிறது. அளவு மிஞ்சினாலோ, ஓரிடத்திலேயே நின்று தேய்த்தாலோ தரை ஆரஞ்சுத் தோல்போல் ஆகிவிடும். விஷப்பொருள் என்பதால் கையுறை அவசியம். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது. முடிந்ததும் பலமுறை அலச வேண்டும்.

கிரிஸ்டலைசேஷன் என்பது இதன் அண்மைக்கால உறவு. மெக்னீசியம் ஃப்ளூவோசிலிக்கேட் கலந்த திரவத்தைத் தெளித்து, மெஷினில் இரும்புப் பஞ்சு மாட்டி, காயும் வரை தேய்ப்பார்கள். கல்லின் மேல்தோலில் கால்சியம் ஃப்ளோரைடு உருவாகும். மோஸ் அளவில் அது 4, சலவைக்கல்லைவிட ஒரு படி கடினம். கால்சியம் கார்பனேட் இல்லாத கிரானைட்டில் இது வேலை செய்யாது. ஏற்கெனவே நன்றாகத் தேய்த்த தரையைப் பராமரிக்க இது நல்ல முறை. கீறல் விழுந்த தரையில் தேய்ப்புக்குப் பதிலாக இதைச் செய்தால் கீறலும் சேர்ந்து பளபளக்கும். முடிந்ததும் இரும்பு இழைகளை ஒன்று விடாமல் எடுக்க வேண்டும். ஈரம் பட்டால் ஒவ்வோர் இழையும் துருப்புள்ளியாகும்.

சீலர், அதாவது தரைக்குக் காப்பாகப் பூசும் திரவம் பற்றி ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. துளைக்குள் இறங்கும் சீலர் கறை ஊறாமல் தடுக்கும், பளபளப்புத் தராது, அமிலத்தையும் தடுக்காது. மேலே படலமாக நிற்கும் அக்ரிலிக் வகை உடனே மின்னும், பிறகு மஞ்சளாகி, நடைபாதையில் உரியும்; கீழே ஈரம் இருந்தால் அதை அடைத்து வைத்து வெண்மை பூக்கச் செய்யும். நான் முதல் வகையைத்தான் சிபாரிசு செய்வேன், அதுவும் தேவை இருந்தால். ஒரு சொட்டுத் தண்ணீரைத் தரையில் கால் மணி நேரம் விட்டுத் துடையுங்கள். அடியில் கல் கருத்திருந்தால் சீலர் வேண்டும், இல்லையென்றால் வேண்டாம்.

குளியலறை, படிக்கட்டு, வெளித் திண்ணை ஆகிய இடங்களில் 400-ஓடு நிறுத்திவிடுங்கள். வழுவழுப்பும் சுத்தமும் கிடைக்கும். ஈரத்தில் கால் வழுக்கும் அபாயம் குறையும். பளபளப்பைவிட ஒருவர் விழாமல் இருப்பது பெரிது.

பிறகு காப்பது. இங்கே வேலை முழுக்க மணலோடுதான். வாசலுக்கு வெளியே ஒரு மிதியடி, உள்ளே ஒன்று. ஈரத்துணி போடும் முன் உலர்ந்த மென்மையான மாப்பால் தூசியை எடுத்துவிடுவது. தூசியோடு ஈரத்துணி போட்டால் மணலைத் தரை முழுவதும் இழுத்துத் தேய்க்கிறோம். தண்ணீரில் அமிலமும் காரமும் இல்லாத, பி.ஹெச். 7-ஐ ஒட்டிய திரவம் சில சொட்டுப் போதும். அதிகமாக ஊற்றினால் மிச்சம் ஏடாகப் படியும். நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டுங்கள். பழச்சாறு சிந்தினால் நாளைக்கு என்று விடாமல் அப்போதே துடையுங்கள்.

இப்படிப் பார்த்துக்கொண்டாலும் சில ஆண்டுகளில் நடக்கும் பாதை முதலில் லேசாகத் திரை போடும். அப்போதே கவனித்தால் அந்தப் பாதைக்கு மட்டும் 1500, 3000, பவுடர் என்று மேல் நம்பர்களோடு முடித்துக்கொள்ளலாம். அறை முழுவதும் மங்கும் வரை காத்திருந்தால், மறுபடி 120-இலிருந்து ஏற வேண்டியிருக்கும்.